தேவதானம் பஸ்ஸும் வியாழக்கிழமைக் கூட்டமும்

வியாழக்கிழமை என்றாலே சாயங்காலக் கூட்டத்தில் என்ன பேசுவது என்று காலையிலிருந்தே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வியாழன்தோறும் பகல் ஷிப்ட் முடிந்ததும் மெஷின் பார்க்கும் பெண்களை உட்காரவைத்துக் கூட்டம் போடும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் விட்டிருந்தார். முதலில் வீட்டு நலம் விசாரிக்க வேண்டும், பிறகுதான் உற்பத்தியைப் பேச வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். வகுப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை அப்படியே செய்துதான் பழக்கம்.

ஆகவே ஒவ்வொருவராக விசாரிப்பேன். மாமியார் கால்வலி எப்படி இருக்கிறது, தம்பிக்கு வேலை கிடைத்ததா என்று. எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு நுனியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் இரைச்சலுக்குள் சைகையில் பேசியே பழகிய கைகள் எனக்கு முன்னாலேயே மணிக்கட்டைத் தட்டிக் காட்டும், வாசல் பக்கம் விரலை நீட்டும். இவர்களுக்கு இன்னும் மனசு ஒட்டவில்லை போல என்று நினைத்து, கூட இரண்டு கேள்வி கேட்பேன்.

ஒரு வியாழக்கிழமை, பக்கத்துக் கிராமமான தேவதானத்திலிருந்து வரும் பெண் ஒருத்தரிடம், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். என் வயதுதான் இருக்கும். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி சொன்னார்:

"இம்புட்டு நேரமா வீட்டப் பத்தியே கேக்கிய. விட்டாத்தான சார் வீட்டுக்குப் போக முடியும்?"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த மூத்த பெண்தான் விவரம் சொன்னார். தேவதானம் பஸ்ஸை விட்டால் அடுத்தது விளக்கு வைத்த பிறகுதானாம். இவருடைய கைக்குழந்தை பக்கத்து வீட்டில் பாலுக்கு அழுதுகொண்டிருக்குமாம். வியாழக்கிழமைகளில் அழுது அழுதே தூங்கிவிடுகிறதாம். பால் கசிந்து நனைந்த சேலையை மறைக்கத்தான் பையை அப்படிப் பிடித்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டு வாங்க" என்றேன். ஓடினார்கள். நான் மில் வாசலுக்கு வந்தபோது பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டிருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய், கூட்டத்தை ஷிப்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், பாதிப் பேர் மெஷினைப் பார்க்கட்டும், மீதிப் பேர் வரட்டும் என்றேன்.

"அவிய பஸ்ஸுக்காக நம்ம நூலு அறுந்து கெடக்கணுமாக்கும்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செஞ்சு பாரு. உற்பத்தி கொறஞ்சா, வேலை நெரந்தரம்னு எங்கிட்ட வந்து நிக்காத."

அடுத்த வியாழன் பத்தே நிமிடம். யார் வீட்டையும் விசாரிக்கவில்லை. எந்த மெஷினில் நூல் அதிகம் அறுகிறது என்று மட்டும் கேட்டேன். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சொன்னார்கள். "சார் இன்னைக்கு எங்க மாமியாள மறந்துட்டாவ," என்று ஒருத்தர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

எழுந்து போகும்போது தேவதானத்துப் பெண் கதவருகே நின்றார்.

"நேத்து தானா உக்காந்துட்டான் சார். நான் புடிக்கவே இல்ல. பொறவு என்ன செஞ்சான் தெரியுமா..."

கேட்க ஆசைதான். ஆனால் உள்ளே பாதி ஆட்களோடு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் கண் கடிகாரத்துக்குப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். "இந்தா போறேன் சார்," என்று உள்ளே ஓடினார்.

அன்று ஷிப்ட் முடிந்ததும் நானும் அவரோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். பிறகு என்ன செய்தான் என்று கேட்பதற்கு.