தினமும் ஒரு வாய் கொன்ரோ

மக்காசார் துறைமுகத்துக்குப் பின்தெருவில், கொன்ரோ என்ற விலா எலும்புக் குழம்பு விற்கும் கடையில் பத்தொன்பது வருஷம் அடுப்படியில் நின்றவள் தெனே; மரியாதைக்கு டாயெங் தெனே. குட்டையாக வெட்டிய மாட்டு விலாவை விடியும் முன்னே கரி அடுப்பில் ஏற்றினாளானால் மதியத் தொழுகை நேரத்தில்தான் இறக்குவாள். குழம்புக்குக் கறுப்பைத் தரும் கெலுவாக் கொட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தே போடுவாள். ஒரு கசப்புக் கொட்டை விழுந்தாலும் பானையே பாழ்.

கடைக்காரக் கிழவர் இறந்ததும் மகன் மப்பியாரே கல்லாவில் உட்கார்ந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரத்தில், அவள் பையைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தான். கிழவர் காலத்திலிருந்தே அவர் சம்மதத்தோடு அவள் வீட்டுக்குக் கொண்டுபோகும் மிச்ச எலும்புகள் விழுந்தன.

“விலா கொறையுது கொறையுதுன்னு பாத்தா, இங்கதான் போகுதா?”

எல்லாருடைய கரண்டியும் அப்படியே நின்றது. அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

சாயங்காலம் அவள் தம்பி பாசோ இடுப்பில் கத்தியோடு வந்து நின்றான். “ஒரு வார்த்த சொல்லு டாயெங், போய்ட்டு வந்துர்றேன்.”

“உள்ள வைடா அத. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும். எனக்கு அது பத்தாது.”

திங்கட்கிழமை மதியம் நல்ல கைலியைச் சுற்றிக்கொண்டு அதே கடைக்குப் போய் நடு மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு கொன்ரோ கேட்டாள். ஒரே ஒரு வாய். அதை நாக்கிலேயே வைத்திருந்து, மெல்ல விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்தாள். காசை வைத்துவிட்டு எழுந்துபோனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

மப்பியாரே அப்போது கரியை விட்டுவிட்டுப் பிரஷர் குக்கருக்கு மாறியிருந்தான். கறி வெந்தது, சாறு பச்சைத்தண்ணி. பத்து நாளில் சாப்பிட வருகிறவர்கள் தட்டைப் பார்ப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“அவளே ஒரு வாய்க்கு மேல தொடல, நான் மட்டும் எதுக்குய்யா முழுசாத் திங்கணும்?” என்று எழுந்துகொண்டான் ரிக்‌ஷாக்கார லிவாங்.

கூட்டம் மெலிந்தது. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவளை எப்படி விரட்டுவது? ஒருநாள் மப்பியாரே வழியை மறித்தான். “என்ன கொறைன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன், டாயெங்!”

“காசு வெச்சிருக்கேன், எடுத்துக்க,” என்றாள். அன்று படுத்ததும் தூங்கிப்போனாள், சிரித்த முகத்தோடு.

குக்கர் பரணுக்குப் போனது. கரி மூட்டை வந்து இறங்கியது. மப்பியாரே விடியும் முன்னே எழுந்தான். ஒருநாள் அவன் பேசும்போது நாக்கு கறுத்திருந்ததைப் பார்த்தாள். கொட்டையை நக்கிப் பார்க்கிறான்! இன்னும் சாகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாவது மாதம், அடைமழை. முதல் வாய் வைத்தாள். அடுத்த வாய் எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது. விலாவைக் கையில் எடுத்தாள். கறி தானாகவே கழன்று வந்தது. எலும்பை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தபோது கடையே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மப்பியாரே துண்டும் கையுமாக நின்றிருந்தான். “எப்பிடி இருக்கு, டாயெங்?” குரலில் கேலியில்லை. அதுதான் அவளை எரித்தது.

“உப்பு கம்மி.”

லிவாங்குக்குப் புரையேறிவிட்டது. “உப்பு கம்மியாம்! எலும்பு பளபளன்னு இருக்கே!”

குடையை மறந்துவிட்டு மழையில் நடந்தாள். எட்டு மாதம் தினம் போய் உட்கார்ந்து, அந்தப் பயலை ஒரு சமையல்காரனாக்கியது அவள்தானே!

இரண்டு நாள் வீட்டைவிட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் அவன் கடைக்கு எதிரே இருந்த மீன் சோத்துக்கடைக்குள் நுழைந்தாள். “உங்ககிட்ட பெரிய பானை இருக்கா?” என்று கேட்டாள்.

இப்போது அந்தத் தெருவில் எதிரெதிரே இரண்டு கொன்ரோ, ஒன்று அவள் கையால். லிவாங் ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே. விடியலில் கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது எதிர்க்கடைப் புகையைத்தான். அது தன்னுடையதற்கு முன்னே கிளம்பியிருந்தால், அன்று முழுக்க அவளிடம் யாரும் வாய்கொடுப்பதில்லை.