வளைவுக்குக் குறுக்கே ஒரு கம்பி

லண்டனில் நித்தியானந்தன் மறைத்து வைத்திருந்தது ஒரு தீவை. சிசிலி.

1991இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவன் 2002இல்தான் லண்டன் ஃபாரஸ்ட் கேட் வந்து சேர்ந்தான். இடையில் பதினொரு வருடம். ஹோம் ஆபீசில் அகதி விசா கேட்டுக் கொடுத்த வாக்குமூலத்தில் அந்தப் பதினொரு வருடம் கிடையாது. கொழும்பிலிருந்து நேரே வந்ததாக எழுதியிருந்தான். மனைவி அருள்நாயகியும் அப்படித்தான். மகள் கௌசி சிசிலியில் பிறந்தவள். வவுனியாவில் பிறந்ததாகப் பதிந்திருந்தார்கள். லண்டன் வந்தபோது நாலு வயதான பிள்ளைக்குப் பிறந்த ஊரையே பொய்யாகப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்கள். இது வெளியே வந்தால் மூன்று பேரின் வழக்கும் ஒரே நாளில் சரியும். பிறகு திருப்பி அனுப்புகிற விமானம்.

லண்டன் தமிழரில் பலருக்கு இப்படி நடுவில் ஒரு நாடு தொலைந்திருக்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் மற்றவர்கள் தொலைத்த நாட்டில் கோப்பை கழுவினார்கள். இவன் பசிலிக்கா என்கிற பேராலயம் திருத்தினான். கோப்பை கழுவிய கையை மறைக்கலாம். கட்டடம் பார்த்துப் பழகிய கண்ணை என்ன செய்வது? எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அது மேலேதான் போகும்.

நோட்டோ நகருக்கு அருகே ஒரு சின்ன ஊர். 1693இல் பூமி அதிர்ந்து அந்தப் பக்கம் முழுவதும் தரைமட்டமாகி, தேன்நிறக் கல்லில் திரும்பக் கட்டிய ஊர்களில் ஒன்று. 1990இல் மறுபடி அதிர்ந்தது. அந்த ஊர்ப் பசிலிக்காவில் வெடிப்பு. கல்லும் சாந்தும் சுமக்க ஆள் தேவைப்பட்டது. சேர்ந்துகொண்டான்.

சுமந்துகொண்டே காது கொடுத்தான். வருகிறவர்களுக்கு வழிகாட்டி சொன்னதெல்லாம் அவன் தலையில் ஏறியது. பசிலிக்கா என்பது முதலில் கோயிலே இல்லை. ரோமர்கள் வழக்குத் தீர்க்கவும் வியாபாரம் பேசவும் கட்டிய நீண்ட மண்டபம். நடுவில் அகலம், இரு பக்கமும் தூண் வரிசை, கடைசியில் அரைவட்டக் குழி. அந்தக் குழியில் நீதிபதி இருப்பான். பிறகு கிறிஸ்தவர்கள் நீதிபதி இருந்த இடத்தில் பீடத்தை வைத்தார்கள். சிராக்கூசாவில் கிரேக்கக் கோயில் தூண்களை இடிக்காமல் அப்படியே சுவருக்குள் வைத்துக் கட்டியிருந்தார்கள். பலெர்மோவில் நோர்மன் ராஜாவுக்கு அரபுத் தச்சர்கள் கூரை செதுக்க, கிரேக்கர்கள் பொன்கல் பதித்தார்கள். அரசனின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் எதிலும் இல்லை.

1996 மார்ச்சில் நோட்டோப் பேராலயத்தின் கூரையும் குவிமாடமும் இறங்கின. ஆளில்லாத நேரம், ஒருவரும் சாகவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தான். தூண்களுக்கு வெளியேதான் நல்ல கல். உள்ளே வெறும் சல்லியும் உருண்டைக் கல்லும். பூமி அதிர்ந்து ஐந்து வருடத்துக்கும் மேல் அந்தத் தூண்கள் நின்றிருந்தன. அத்தனை நாளும் கீழே சனம் முழந்தாளிட்டுச் செபித்தது. அன்றைக்குப் பிடித்த பயம் அவனை விடவில்லை. விழுகிற கட்டடத்தைக் கண்டல்ல, நிற்கிற கட்டடத்தைக் கண்டே பயந்தான்.

வேலை முடிந்தது. விசா புதுப்பிக்க முதலாளி கடிதம் தரவில்லை. குடும்பத்தோடு லண்டன்.

2007 ஆவணி. மடு மாதா திருவிழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை. ஃபாரஸ்ட் கேட் தமிழர்கள் மாதம் ஒருமுறை பூசைக்கு இரவல் எடுக்கிற பழைய செங்கல் கோயில். இத்தாலியப் பாணியில் யாரோ நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் கட்டியது. மாதாவின் சுரூபம் பக்கச் சிற்றாலயத்தில் இருந்தது. அதற்கு ஒரே வாசல், பெரிய வளைவு. வளைவின் குறுக்கே, பதினோரடி உயரத்தில், இரண்டு துண்டை நடுவில் திருகால் பூட்டிய ஓர் இரும்புக் கம்பி.

சுரூபத்தை வைத்துத் தோளில் சுமக்கிற கூட்டைத் திருவிழாக் குழுத் தலைவர் செபமாலை இந்த வருடம் புதிதாகச் செய்திருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர், டயர்க் கடை முதலாளி. நித்தியானந்தன் அவர் கடையில்தான் வேலை செய்தான், பதிவில்லாமல். கூடு அலுமினியம், வண்ண பல்ப், உச்சியில் ஒரு மணிமுடி. தோளில் ஏற்றினால் பன்னிரண்டரை அடி.

"அண்ணை, முடியைக் கழட்டினால் போகும்," என்றான் லைட் மாட்ட வந்த குகநாதன்.

"மாதாவைக் கட்டையாக்கச் சொல்லுறியோ? போய் உன்ர மனிசியின்ர கொண்டையை வெட்டு முதல்."

"அவவின்ரயிலை கை வைச்சா நாளைக்கு எனக்குத்தான் பூசை."

எல்லாரும் சிரித்தார்கள். செபமாலை அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். "உது சும்மாதானே கிடக்கு. ஒண்டும் தொங்கேல்லை. நாளைக்கு ஒரு நாள் கழட்டிவிடுவம்."

நித்தியானந்தன் கம்பிக்குக் கீழே வந்து நின்றான். வளைவு என்பது கீழே அழுத்துவதோடு நிற்பதில்லை. இரு பக்கமும் காலை அகட்டப் பார்க்கும். அந்த அகட்டலைப் பிடித்து வைத்திருப்பது குறுக்குக் கம்பி. சிசிலியில் அதற்குச் சங்கிலி என்றே பெயர். எதுவும் தொங்காத கம்பிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது.

"அண்ணை, உதிலை கை வையாதேங்கோ."

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே படித்தாய் என்பது. பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்து வாய்.

"பழசண்ணை. பாதர் ஏசுவார்."

"பாதருக்கு நான் சொல்லுறன். நீ ஏணியைக் கொண்டா."

கொண்டுவந்தான். திருகு அசையவில்லை. ஸ்பானரில் நாலடிக் குழாயை மாட்டி இரண்டு பேர் தொங்கினார்கள். ஒருவர் செபமாலை. மற்றவர் நித்தியானந்தன். சும்மா கிடக்கிற கம்பிக்கு இத்தனை மல்லுக்கட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. டங் என்று சத்தம் வந்தது. இரண்டு துண்டும் துள்ளி விலகி நின்றன. நடுவில் ஒரு விரல் இடைவெளி. கூடு போகிறபோது இரண்டையும் சுவர்ப் பக்கம் மடக்கிவிட்டால் போதும்.

"பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை," என்றார் செபமாலை.

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவனைக் கலக்கியது.

எல்லாரும் சாப்பிடப் போனபின் திரும்பி வந்தான். படச்சட்டத்திலிருந்து வெட்டிய ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு, ஒரு பிடி பிளாஸ்டர்ச் சாந்து. வளைவுக்கு மேலே மயிர் போல ஒரு வெடிப்பு இருந்தது. அதன் குறுக்கே கண்ணாடியை வைத்து இரு முனையையும் பிளாஸ்டரால் ஒட்டினான். சிசிலியில் சுவரை உளவு பார்க்க இப்படித்தான் செய்வார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பக்கத்தில் திகதி எழுதுவது வழக்கம். பென்சிலை எடுத்தவன் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டான். கையெழுத்தும் சாட்சிதான்.

வீட்டில் அருள்நாயகியிடம் சொன்னான். அவள் கௌசியின் வெள்ளைச் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். சுரூபத்துக்கு முன்னால் பூப்போடுகிற பிள்ளைகளில் கௌசியும் ஒருத்தி.

"விழுமோ?"

"தெரியாது. நாளைக்கும் விழலாம், பத்து வருஷத்திலையும் விழலாம்."

"வாய் திறந்தியளெண்டா ஆர் உங்களுக்கு உதைப் படிப்பிச்சதெண்டு கேப்பினம்."

"ஓம்."

"போன வருஷம்தானே பாதர் ஹோம் ஆபீசுக்குக் காட்ட எங்களுக்குக் கடிதம் தந்தவர். நேர கொழும்பிலையிருந்து வந்த நேர்மையான குடும்பமெண்டு. அவரிட்டையே போய்ச் சொல்லப்போறியளே?"

 அவள் அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

"கௌசிக்குக் காய்ச்சலெண்டு சொல்லுவம். நாங்கள் போகாமல் நிப்பம்."

"மற்றப் பிள்ளையள்?"

 சட்டை கருகுகிற மணம் வந்தபிறகுதான் அயர்ன் சரிந்து கிடப்பது இருவருக்கும் தெரிந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கே கோயிலுக்குப் போனான். பூசை பதினொன்றுக்கு. சிற்றாலயத்து வெள்ளைத் துணியில் செங்கல் தூள் உதிர்ந்து கிடந்தது. அண்ணாந்தான். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. கம்பி முனைகளுக்கு நடுவே இப்போது மூன்று விரல் இடைவெளி.

செபமாலை பூமாலைப் பெட்டியோடு வந்தார்.

"அண்ணை, சுவர் விலகுது. சனத்தை உள்ளை விடாதேங்கோ."

"உனக்கென்ன விசரே? டயர் கழட்டுறவனுக்கு என்னண்டு தெரியும் கோயில் நிக்குமோ விழுமோ எண்டு?"

"அப்ப கம்பியைத் திரும்பப் பூட்டிக் காட்டுங்கோ."

செபமாலை ஏணியில் ஏறினார். முனைகளைப் பிடித்து இழுத்தார். ஒன்றையொன்று எட்டவில்லை. இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாசலைப் பார்த்தார். வேன்களில் வந்து இறங்குகிறார்கள், சட்டனிலிருந்து, வெம்பிளியிலிருந்து. "முந்நூறு சனம், நித்தி. என்னெண்டு நான் போகச் சொல்லுறது? நாங்கள் கழட்டினதெண்டு தெரிஞ்சா இனி கோயிலே தரமாட்டாங்கள்."

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. பயந்த இரண்டு பேர் ஒரு வளைவுக்குக் கீழே நின்றார்கள்.

பாதர் பூசை உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்தார். வெள்ளைக்காரர், எழுபது வயது. நித்தியானந்தனின் ஆங்கிலம் டயரளவுதான். "பாதர், வோல் கோயிங்," என்றான். "அயர்ன் நோ. பீப்பிள் நோ." பாதர் புன்னகைத்து, தேநீர் பிறகு என்றார். கதவு வழியாகக் கௌசியின் குரல் கேட்டது. அருள்நாயகி அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். காய்ச்சல் என்று சொல்ல அவளாலும் ஏலாமல் போயிருக்க வேண்டும்.

சுவரில் பாதரின் இளவயதுப் படம் தொங்கியது, ரோமில் படித்த காலத்துப் படம். அவன் அதைப் பலமுறை பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் வாயை இறுக மூடிக்கொண்டு வெளியேறியிருக்கிறான்.

இத்தாலிய மொழியில் பேசினான். ஐந்து வருடம் கட்டிப்போட்ட மொழி தடங்கலில்லாமல் வந்தது. "பாத்ரே, சிற்றாலய வளைவின் கம்பியை நேற்றுக் கழற்றினோம். நானும் பிடித்தேன். சுவரில் கண்ணாடி வைத்தேன், உடைந்துவிட்டது. ஒருவரையும் உள்ளே விடாதீர்கள்."

பாதரின் கை உடுப்பின் மீதே நின்றது. அவரும் இத்தாலியத்தில் கேட்டார்: "இதை எங்கே கற்றாய்?"

"சிசிலியில். பதினொரு வருடம்."

பாதர் உடுப்பைக் கொளுவியில் திரும்ப மாட்டினார். அவர் எழுதிய கடிதம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. சிற்றாலயத்துக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். ரோமில் அப்படிப்பட்ட கண்ணாடியை எத்தனையோ சுவரில் கண்டிருப்பார். திரும்பி வந்து கோயில் கதவைப் பூட்டச் சொன்னார்.

பூசை கார் பார்க்கில் நடந்தது. சனம் முணுமுணுத்தது. செபமாலை குனிந்த தலை நிமிரவில்லை. நற்கருணை கொடுக்கிற நேரத்தில் உள்ளே ஒரு சத்தம், லாரியிலிருந்து கல் கொட்டுவது போல. பிறகு சன்னல் இடுக்கால் புகையாகத் தூசி. யாரும் கத்தவில்லை. தாய்மார் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள்.

வளைவின் ஒரு பக்கம் இடிந்து இறங்கியிருந்தது. மாதாவின் மூக்கில் ஒரு கீறல். கூடு நசிந்து இரண்டடி குறைந்து கிடந்தது. இப்போது எந்தக் கம்பிக்குக் கீழாகவும் போகும்.

திங்கட்கிழமை கட்டடம் பார்க்கிற அதிகாரி வந்து கண்ணாடி வைத்தது யார் என்று கேட்டார். பாதர் நித்தியானந்தனைத் தனியே கூப்பிட்டார். "என் கடிதத்தை அப்படியே விட என்னால் முடியாது. வெள்ளிக்கிழமை திருத்தி எழுதுவேன். அதற்கு முன் நீயாகப் போய்ச் சொல். நானும் உன்னோடு வருகிறேன்."

அந்த நாலு நாளும் வாசலில் தபால் விழுகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடினான். செபமாலை வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை. "கம்பி கழட்டினது நான் எண்டு சொல்லிப்போட்டன். உன்ர கை பட்டதைச் சொல்லேல்லை. கடையிலை நீ நிண்டதெண்டும் ஒருத்தருக்கும் தெரியாது." கதவுப் பிடியில் கை வைத்தார். "நானும் ஜெர்மனியை எழுதேல்லையடா. எனக்கு விசா கிடைச்சிட்டுது, உனக்குக் கிடைக்கேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

அருள்நாயகி அரிசி வாளிக்குள் கையை விட்டு, பொலித்தீனில் சுற்றிய கௌசியின் சிசிலிப் பிறப்புப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "கொண்டு போங்கோ," என்றாள். 

குரோய்டனில் ஹோம் ஆபீசின் விசாரணை அறை. தாழ்ந்த கூரை, தட்டையான பலகை. அவன் கண் மேலே போய்த் திரும்பியது. தாங்குகிற எதையும் காணவில்லை. எதிரே அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்.

"அந்தப் பதினொரு வருஷமும் அங்க என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

"பசிலிக்காவிலை வேலை செய்தனான்."

"பசிலிக்கா எண்டா என்னண்டு சொல்ல?"

  இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஐந்து வருடம் ஓடியது. இனி ஓட இடமில்லை.

"முதல் அது ஒரு கோர்ட்டு, தங்கச்சி," என்றான். "சனம் தங்கட வழக்கைச் சொல்ல வாற மண்டபம். பிறகுதான் கோயிலாச்சுது."

அவள் சொல்ல, அதிகாரி தட்டச்சு செய்தார். அவன் வழக்கின் முடிவு இன்னும் வரவில்லை.