கல்கட்டுக்கு மேலே பெரியம்மா

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்கட்டு இடிந்து விழ வேண்டும் என்று நான் தினமும் சாமியை வேண்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. வீட்டில் மற்ற எல்லோரும் அது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். சாமி என் பேச்சைத்தான் கேட்டது, ஆனால் தன் வழியில்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். எங்கோ பெரிய சண்டை நடப்பதாகப் பேசிக்கொள்வார்கள். எங்களைப் பொறுத்தவரை அது மண்ணெண்ணெய் கிடைக்காத சண்டை, அவ்வளவுதான். இண்டூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு கரட்டின் அடிவாரத்தில் எங்கள் வீடு. தாத்தா அந்தச் சரிவை வெட்டிச் சமன்செய்து, மேலே பயிர் வைக்கிற கொல்லையும் கீழே வீடுமாக ஆக்கியிருந்தார். கொல்லை மண் சரிந்து வீட்டின்மேல் வராமல் தாங்குவதற்காக நடுவில் அந்தக் கல்கட்டு. அப்பா கையை உயர்த்தினாலும் அதன் தலை எட்டாது. சாந்து எதுவும் வைக்காமல், கல்லைக் கல் கவ்வும்படி அடுக்கியது. மழைக்காலத்தில் இடுக்குகளிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். புறவாசல் சொதசொதவென்று கிடக்கும். அம்மா அதைத் திட்டிக்கொண்டே அந்த ஈரத்தில் சேம்பும் மஞ்சளும் வைத்திருந்தாள்.

மேல்கொல்லை பெரியப்பாவுடையது. அதாவது, பாகம் பிரிந்த பிறகு அவருடையது. அதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. நான் பிறந்ததிலிருந்து பெரியம்மாவின் பக்கத்தில்தான் படுத்தேன். அவள் தலையில் வைக்கும் விளக்கெண்ணெய் வாசனை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அவள் உருட்டித் தந்தால்தான் களி தொண்டையில் இறங்கும். அம்மாவும் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, ஒரு சித்திரை மாதத்தில், அப்பாவும் பெரியப்பாவும் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள். கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு என்று எனக்குச் சொன்னார்கள். பெரியப்பா மேல்கொல்லையின் மறுகோடியில் ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெரியம்மாவும் போய்விட்டாள். போகும்போது என் பாயைச் சுருட்டி அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மேலே போக ஒரு வண்டிப்பாதை உண்டு. ஆனால் அது எங்கள் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு போகும். “அந்தப் பக்கம் போன, கால ஒடிச்சுடுவேன்” என்று அப்பா சொல்லியிருந்தார். நான் புறவாசலில் நின்றுகொண்டு கல்கட்டின் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியம்மா சில நாள் வரப்போரம் வந்து களை பிடுங்குவாள். முந்தானையின் நுனியும் கையும் மட்டும் தெரியும். கூப்பிட்டால் அப்பாவுக்குக் கேட்டுவிடும்.

அந்த ஆடியில் அப்பா கல்கட்டுக்குச் சாந்து பூசினார். கல்கட்டு கெட்டுப்போயிருக்கவில்லை. “அவரு கொல்லத் தண்ணி என் வாசல்ல ஒரு சொட்டு வுழக்கூடாது” என்றார். சிமெண்டு எல்லாம் சண்டைக்குப் போகிறதென்று தருமபுரியில் கையை விரித்துவிட்டார்கள். அதனால் சுண்ணாம்புதான். வத்தல்மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் கடுக்காய் வாங்கி, வெல்லத்தோடு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை விட்டு அரைத்த சாந்து. ஒரு இடுக்கு விடாமல் அடைத்தார். வேலை முடிந்ததும் கல்கட்டு வெளுத்து, வழவழவென்று, கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி நின்றது. புறவாசல் காய்ந்தது. அம்மாவின் சேம்பும் காய்ந்தது.

புரட்டாசியில் மழை பிடித்தது. சுவரில் ஒரு சொட்டு இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போவார். ஐப்பசியில் சுவருக்கு நடுவில் வயிறு தள்ளியது. அம்மாவுக்கும் அப்போது நிறைமாதம். எனக்கு அது ஒன்றும் விசேஷமாகப் படவில்லை; வயிறு பெரிதாவது அந்த வருஷத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடிகாலையில் சுவர் போயிற்று. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத்துணி மூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பார்த்தால், கல்லும் சேறுமாகப் புறவாசலில் பாதி தூரம் வந்திருந்தது. மாட்டுக் கொட்டகையின் ஒரு கால் சாய்ந்து, உள்ளே கட்டியிருந்த கன்று செத்துக்கிடந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கன்றுக்காக நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே பார்த்தேன்: கீழிருந்து மேலே கொல்லை வரைக்கும் ஒரு சரிவு உண்டாகியிருந்தது. ஏறலாம்.

ஏறினேன். மேலே பெரியம்மா ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். சேறு ஒட்டிய என் காலோடு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் தலைமயிரை முகர்ந்துகொண்டே நின்றாள். கீழே அம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். “பாப்பா, எறங்கி வா” என்று மட்டும் சொன்னாள். கோபமே இல்லாத குரல். பெரியம்மாதான் என்னை இறக்கிவிட்டாள்.

வெயில் வந்து மண் காயும்வரை சரிவு அப்படியே கிடந்தது. தம்பி பிறந்து, அம்மா உள்ளேயே இருந்த நாட்கள் அவை. அப்பா வெளியே போகும் நேரம் பார்த்து நான் மேலே ஏறிவிடுவேன். அவரைக்காய் வேகவைத்து உப்புப் போட்டுத் தருவாள் பெரியம்மா. தலை பின்னிவிடுவாள். பின்னி முடித்ததை அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவாள். இருட்டுவதற்கு முன்னால் சரிவின் விளிம்பு வரை கொண்டுவந்து விடுவாள். என் வாழ்க்கையில் வேறெந்த மழைக்காலமும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

கோடையில் அப்பா சுவரை மறுபடி எழுப்பினார். போன தடவை கனம் போதவில்லை என்றார். இந்தத் தடவை இரண்டு மடங்கு கனம், அடி முதல் தலை வரை சாந்து. பின்னால் இருந்த குழியில், விழுந்த அதே களிமண்ணை அள்ளிப்போட்டு மிதித்தார்கள். நான் ஏறிப்போகும் வழி அடைபட்டது. அப்போதுதான் சாமியிடம் வேண்டத் தொடங்கினேன்.

அடுத்த ஐப்பசியில் சுவர் மறுபடி வயிறு தள்ளியது. இந்தத் தடவை அது விழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வீட்டின் பின்னறைக்கும் சுவருக்கும் நடுவே நாலைந்து தப்படி இடம்தான். அந்த அறையில்தான் தம்பியின் தூளி தொங்கும். அம்மா தூளியை முன்னறைக்கு மாற்றினாள். அப்பா மூங்கில் முட்டுக் கொடுத்தார். முட்டு வளைந்தது. மழை நிற்கவில்லை. எனக்கும் முதல் தடவையாகப் பயம் வந்தது. சுவர் விழட்டும், வீட்டின்மேல் விழ வேண்டாம் என்று வேண்டுதலைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன்.

ஒரு நாள் மழை சற்று விட்டிருந்த மதியத்தில், வண்டிப்பாதை வழியாகப் பெரியப்பா இறங்கி வந்தார். தோளில் கடப்பாரை. எங்கள் பக்கம் திரும்பவில்லை. நேரே சுவரின் ஓரத்துக்குப் போய், ஒதுங்கி நின்றபடி, அடியில் சாந்தின்மேல் ஓங்கிக் குத்தினார்.

அப்பா வெளியே ஓடிவந்தார். “எதுக்கு என் சுவத்த ஒடைக்கறீங்க?”

“சுவரு உன்னுதுதான்” என்றார் பெரியப்பா, குத்துவதை நிறுத்தாமல். “உள்ள நிக்கிற தண்ணி என்னுது. என் தண்ணிய நான் எடுத்துக்கறேன்.”

இன்னொரு குத்து. கல் ஒன்று ஆடி வெளியே வந்தது. அந்த ஓட்டையிலிருந்து செம்மண் தண்ணீர் பீறிட்டு அடித்தது. பெரியப்பாவின் வேட்டி முழுக்கச் சிவந்துவிட்டது. அவ்வளவு தண்ணீர் ஒரு சுவருக்குப் பின்னால் நின்றிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்த் தன் கடப்பாரையை எடுத்துவந்து சுவரின் மறு ஓரத்தில் குத்தத் தொடங்கினார்.

“மண்ணு கனமில்லடா, தண்ணி குடிச்ச மண்ணுதான் கனம். அது போறதுக்கு வழி இல்லன்னா மலையக் கொண்டாந்து வெச்சாலும் தள்ளிடும்” என்றார் பெரியப்பா.

“எனக்குத் தெரியாதா?” என்றார் அப்பா.

அவருக்குத் தெரியும். தாத்தா கட்டியபோது இரண்டு பேரும்தான் கல் சுமந்திருக்கிறார்கள்.

மறுநாளே மேலே வேலை நடந்தது. சுவரின் பாரத்தைக் குறைக்க, பின்னாலிருந்த மண்ணை மேலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். அங்கே கேழ்வரகு பால் பிடித்து நின்றது. சுவரையொட்டிய அந்தப் பட்டையை முழுவதும் பெரியம்மா தானே பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் தானியமாகியிருக்கும்.

மழை ஓய்ந்த பிறகு சுவரை முழுவதும் பிரித்தார்கள். அண்ணனும் தம்பியுமாகக் கட்டினார்கள். மண்ணுக்கடியில் கெட்டியான சுக்காங்கல் தட்டுப்படும்வரை அடியைத் தோண்டினார்கள். சுவரை நட்டமாக நிறுத்தாமல், கொல்லைப் பக்கம் முதுகு சாய்ந்தாற்போல எடுத்தார்கள். நடுநடுவே நீளக் கற்களைக் குறுக்கே போட்டு, அவற்றின் வாலை மண்ணுக்குள் புதைத்தார்கள். பின்பக்கக் குழியில் களிமண் போடாமல் உடைகல்லும் சல்லியுமாக நிரப்பினார்கள். அடியில் வரிசையாக ஓட்டை விட்டு, ஓட்டையிலிருந்து வரும் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு கால்வாயும் வெட்டினார்கள். மேலே கொல்லை ஓரத்திலும் ஒரு கால்வாய், மழைத்தண்ணீர் சுவர்ப்பக்கம் வராமல் திருப்பிவிட. சாந்து என்ற பேச்சே எழவில்லை.

அந்த நாட்களில் பெரியம்மா தினமும் கூழ்ப்பானையோடு கீழே வந்தாள். அம்மா வெங்காயம் உரித்து வைப்பாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சல்லி உடைப்பார்கள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் நடுவில் உட்காருவேன். தம்பி யார் மடியிலாவது தவழ்ந்து ஏறுவான்.

சுவர் என் இடுப்பளவு வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் கிணற்றில் இறங்குவதற்குச் சுவரிலிருந்து படிக்கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

“பெரியப்பா, கெணத்துல இருக்கற மாதிரி இதுலயும் படிக்கல்லு வெச்சுக் குடுங்க. நான் ஏறி வருவேன்.”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “வெச்சுடலாண்ணா. ஏற எறங்க நல்லாத்தான் இருக்கும்” என்றார். நான் குதித்தேன். பெரியப்பா அதற்கென்று தட்டையான கற்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

சல்லிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியம்மா அப்படியே நின்றாள்.

“படி வேணாங்க” என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

“தண்ணிக்கு வழி உட்டாச்சு இல்ல, அது போதும்.”

கூடையைக் கொட்டிவிட்டு, அடுத்த கூடைக்குப் போனாள். அம்மா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். பெரியப்பா பொறுக்கிய கற்களைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டினார். நான் அன்று முழுவதும் அழுதேன். யார் தடுத்தாலும் தாங்கியிருப்பேன். அப்பா தடுத்திருந்தால் புரிந்திருக்கும். அவளே எப்படி வேண்டாம் என்று சொல்லலாம்?

சுவர் அதற்குப் பிறகு விழவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டார்கள், பொங்கலுக்கு வந்து போனார்கள். வண்டிப்பாதை வழியாகப் போகலாம் என்று எனக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் போனால் பெரியம்மா ஏதாவது வேலையாகவே இருப்பாள். கையில் கடலையைக் கொடுத்து, “அம்மா தேடுவா, போ கண்ணு” என்பாள். தலை பின்னிவிடுவது நின்றுபோயிற்று.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோதுதான் அம்மா சொன்னாள். அப்போது பெரியம்மா உயிரோடு இல்லை.

“அந்தச் சண்டைக்குக் காரணம் தண்ணி மொறையும் இல்ல, ஒன்னும் இல்ல. ரெண்டாவது வயித்துல வந்துட்டுதே, பெரியவள எனக்கே குடுத்துடேன்னு உங்க பெரியம்மா கேட்டா. எனக்கு மனசு வரல. உங்கப்பா சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிட்டாரு.” என் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொன்னாள். “படி வெச்சிருந்தா நீ நாளெல்லாம் மேலயே கெடந்திருப்ப. பொழுது சாஞ்சா ஒன்ன எறக்கி உடணும். தெனமும் எறக்கி உடணும். அது அவளால ஆவாது.”

நான் கல்யாணமாகிப் போகும்வரை எத்தனையோ ஐப்பசி வந்தது. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் பெரியம்மா கொல்லை ஓரத்துக்கு வருவாள். முழுவதும் தெரியமாட்டாள். மேலிருந்து குரல் மட்டும் வரும்.

“பாப்பா, தண்ணி நல்லா வருதா?”

“வருது பெரியம்மா.”

“எல்லா ஓட்டையிலயும் வருதா, நல்லாப் பாத்துச் சொல்லு.”

நான் குனிந்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்ப்பேன். இதில் நிறைய வருகிறது, அதில் கொஞ்சம், ஓரத்தில் இருப்பதில் இலை அடைத்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் கத்திச் சொல்வேன். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் சொல்லி முடித்த பிறகும் போகாமல், முதல் ஓட்டையிலிருந்து மறுபடி கேட்பாள். பெரியம்மாவுக்குச் சுவரைப் பற்றி எவ்வளவு கவலை என்று நினைத்துக்கொண்டு, நானும் மறுபடி குனிவேன்.