ஒரே தொகுதி, ஒரே குணம்

தங்கத்தைச் சோதித்துச் சொல்கிற தொழிலில் பொய் சொன்னால் கும்பிடு கிடைக்கும், உண்மையைச் சொன்னால் முறைப்புதான் கிடைக்கும். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் சொல்லாமலே புரியும். வேதியியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நகையை உள்ளே வைத்து மூடினால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று திரையில் வந்துவிடும். வருகிறவர்களுக்கு நகை மேல் சந்தேகம், ஆசாரி மேல் சந்தேகம், மெஷின் மேல் சந்தேகம், கடைசியில் என் மேலும் சந்தேகம். எனக்கும் வருகிறவர்கள் எல்லார் மேலும் சந்தேகம்தான். இதில் ஒரு குடும்பத்தின் நிலமே போக இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓட்டு யாருக்கு?

படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று கடைச் சுவரில் தனிம அட்டவணையை மாட்டினேன். கீழே சிவப்பு மையில் ‘ஒரே தொகுதி, ஒரே குணம்’ என்று நானே எழுதியும் வைத்தேன். அந்த எழுத்துக்காகப் பிற்பாடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒரு நாள் ஊராட்சித் தலைவர் ஒருவர் மோதிரத்தோடு வந்தார். திரையில் தங்கத்தோடு தாமிரமும் வெள்ளியும் வந்ததும் முகம் கடுகடுத்தது. “தங்கம்தான கேட்டேன்? செம்ப எவன் சேத்தது?” என்றார். அட்டவணையைக் காட்டி விளக்கினேன். தாமிரம், வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே தொகுதி, மேலிருந்து கீழாக ஒரே வீட்டுப் பிள்ளைகள், சுலபமாக ஒன்றோடொன்று கலக்கும், தாமிரம் இல்லாவிட்டால் மோதிரம் வளைந்துவிடும் என்றேன். அவர் அட்டவணையை ஏற இறங்கப் பார்த்தார். “மூணும் ஒரே தொகுதின்னா, எல்லாரும் தங்கத்துக்கே ஓட்டு போடறாங்களே, அது எப்படிங்க?”

ரிவர்ஸ் கியர்

அடி அண்ணாமலையிலிருந்து ஓர் ஆட்டோக்காரர், கழுத்துச் சங்கிலி வெளுத்துப்போய்விட்டது என்று ஆசாரியை அடிக்கப் போகிற வேகத்தில் வந்தார். சங்கிலியில் ரசமணி ஒன்று தொங்கியது. யாரோ கிரிவலப் பாதையில் விற்றதாம். மெஷின் பாதரசத்தைக் காட்டியது. பாதரசம் பட்டால் தங்கம் வெளுக்கும், ஆசாரி மேல் தப்பில்லை என்றேன்.

அவர் நம்பவில்லை. பாதரசம் எங்கே இருக்கிறது என்று அட்டவணையில் விரலை வைத்துத் தேடினார். தங்கத்துக்கு அடுத்த கட்டம், துத்தநாகத்தின் தொகுதி. “துத்தநாகம் கெட்டி, இது தண்ணி மாதிரி ஓடுது. ஒரே குணம்னு எழுதிக்கிறீங்க?” என்று ஒரு போடு போட்டார். எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றி, மணியை முதலில் கழற்றச் சொன்னேன். கழற்றிக்கொண்டே கேட்டார்: “தங்கத்த வெள்ளி மாதிரி ஆக்குதே, இந்த மணிய ரிவர்ஸ்ல மாட்டுனா வெள்ளி தங்கமாவுமா சார்?”

ஒரு வார்த்தை

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிற ஏழுமலை, மனைவி செல்வியின் பழைய சங்கிலியைக் கொண்டுவந்தார். திரையில் தங்கத்துக்குக் கீழே வேறொரு பெயர் வந்தது. வாய் தவறிச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: “இரிடியம் இருக்குதுங்க.”

என் தொழிலில் அது கலப்படம். தங்கத்தின் வரிசையில் இரண்டு கட்டம் முன்னால் இருக்கும். தங்கத்தை விடக் கனம், அமிலத்துக்கும் அசையாது, உரைகல்லில் மாட்டாது. தங்கத்தில் கரையாமல் பொடிப்பொடியாக உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் நம் ஜனங்களிடையே இரிடியத்துக்கு வேறு கதை. பழைய கலசத்தில் இடி விழுந்தால் அது உண்டாகுமாம், அரிசியை இழுக்குமாம், கோடிக்கு விலை போகுமாம். ஏழுமலை எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினார். “கத்தாதீங்க சார்” என்றார். இது கலப்படம், நகைக்கடையில் இதைக் கழித்துவிட்டுத்தான் விலை போடுவார்கள் என்றதும் அவர் மரியாதை இறங்கிவிட்டது. “கோடி ரூபா சரக்க கழிவுன்னு சொல்ற, நீ அமுக்கலாம்னு பாக்கறியா?”

செல்வியின் முந்தானை

பத்து நாள் கழித்து ஏழுமலை மறுபடி வந்தார், கக்கத்தில் மஞ்சப்பை. பையில் நிலப் பத்திரம். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட புரோக்கர், கையில் ஒரு செப்புச் சொம்பு. அது இரிடியச் சொம்பாம். முக்கால் ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட்டு அதை வாங்கப் போகிறாராம். மெஷினில் காட்டாமல் கையெழுத்து போடக் கூடாது என்று செல்விதான் இழுத்து வந்திருந்தார். பிள்ளைகள் படிப்பதும் அந்த நிலத்து வருமானத்தில்தான், சாப்பிடுவதும் அதில்தான் என்றார்.

சொம்பில் தாமிரமும் கொஞ்சம் வெள்ளீயமும்தான் வந்தன. புரோக்கர் அசரவில்லை. தன் பொட்டலத்திலிருந்து அரிசியைக் கொட்டிச் சொம்பைக் கிட்டே கொண்டுபோனார். அரிசி ஓடிப்போய் ஒட்டியது. அரிசியில் இரும்புத்தூள், சொம்பின் அடியில் காந்தம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். “கோபால்ட் காந்தத்துல ஒட்டும்தான சார்? அதே தொகுதியில கீழ கீது இரிடியம். ஒரே தொகுதி, ஒரே குணம். நீங்களே எழுதி மாட்டிக்கிறீங்க.” தொகுதி ஒன்றானாலும் இந்தக் குணம் கீழே வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது யார் நம்புவார்கள்? ஏழுமலை பத்திரத்தை வெளியே எடுத்துவிட்டார்.

செல்வி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு பிடி ரேஷன் அரிசி. அதை மேஜையில் பரப்பி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேலே போட்டார். ஓர் அரிசிகூட நகரவில்லை. “இதுல இரிடியம் கீதுன்னு மெஷின் சொல்லிச்சி. நீங்களும் நம்புனீங்கதான?” என்று கணவரைக் கேட்டார். பிறகு புரோக்கர் பக்கம் திரும்பி, “இப்ப உன் சொம்ப என் அரிசிகிட்ட வை” என்றார்.

புரோக்கர் வைக்கவில்லை. ரேஷன் அரிசியையெல்லாம் இது இழுக்காது, நல்ல பொன்னி அரிசி வேண்டும் என்று முனகினார். ஏழுமலை பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். செல்வி அரிசியை ஒன்று விடாமல் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டார்: “ஏம்பா, அரிசியிலயுமா தொகுதி கீது?”

இத்தனை வருஷமாக நான் ஜனங்களையும் ஜனங்கள் என்னையும் சந்தேகப்பட்டதுதான் மிச்சம், சந்தேகப்பட வேண்டியதைச் சரியாகச் சந்தேகப்பட்டது மெஷின் இல்லாத செல்வி ஒருவர்தான்.