வாப்பா கட்டிய மாடிக்கு என்ன விலை?

வீட்டுக்கு மதிப்புப் போடுகிறவனை எந்த வீட்டிலும் இரண்டாம் தடவை கூப்பிடமாட்டார்கள். அதுவும் புருஷனும் பெண்சாதியும் பிரிகிற வீடென்றால் முதல் தடவையே காப்பி கிடைக்காது. அளவு நாடாவோடு அலைந்த அன்பர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

யுத்த காலம். நான் தூத்துக்குடியில் கட்டிட ஓவர்சீயர். காயல்பட்டினத்து ஜமாஅத்தார் ஒரு வீட்டை மதிப்பிட அழைத்தார்கள். அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். பாத்திமாவின் வீட்டுக்கு மேலே அவள் புருஷன் செய்யது தன் கைப்பணத்தில் மாடி எழுப்பியிருந்தார். இப்போது தலாக் ஆகிவிட்டது. மாடிக்கான விலையை அவள் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டில் பாதியை விற்க வேண்டும். எதற்காகப் பிரிந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஓவர்சீயருக்கு அது தேவையில்லை.

முடுக்கில் மாட்டிக்கொண்டேன்

பின்சுவரை அளக்க ஒரு குறுகிய சந்துக்குள் நுழைந்தேன். பெண்கள் மட்டும் நடமாடுகிற முடுக்கு அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எதிரே நாலு பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அவர்களில் மூத்தவள் சொன்னாள்: "கண்ணைத் தொறந்துக்கிட்டே ஓடும், ஓவர்சீயரே. மூடிக்கிட்டு ஓடினா எங்க மேலதான் வந்து முட்டுவீரு."

கீழ்வீடும் மேல்வீடும்

செய்யது என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு தூணையும் தட்டிக்காட்டினார். "அசல் ரங்கூன் தேக்கு. இப்போ கண்ணால பாக்க முடியுமா?" என்றார். கீழே இறங்கியதும் குரல் மாறிவிட்டது. சுவர் உளுத்துவிட்டதாம், காரை உதிர்கிறதாம், கீழ்வீட்டுக்கு விலையே கிடையாதாம். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து பாத்திமாவின் குரல் வந்தது: "கீழ்வீடு உளுத்துப்போச்சுன்னா, அவுக மாடி இத்தனை வருசமா எதுமேல நிக்குதுன்னு கேளுங்க."

எழுதாத ஒரு வரி

இனி எங்கே தங்குவீர்கள் என்று செய்யதுவிடம் சும்மாதான் கேட்டேன். உம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். அந்த வீடோ தங்கச்சிக்குக் கொடுத்தாயிற்று. அங்கே அவள் மாப்பிள்ளை இருக்கிறார். அதுவரை எரிச்சலூட்டிக்கொண்டிருந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அவர் என் காகிதத்தை எட்டிப்பார்த்தார். "மாடிக்கு வெலை போடுதிய, சரி. நான் படுக்க எடம் எதுன்னும் அதுல ஒரு வரி எழுதுவியளா?"

மதிப்பு

ஜமாஅத் பெரியவர் முன்னால் தொகையைப் படித்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து பாத்திமா, "எங்கிட்ட அம்புட்டு இல்ல. பாதி வீட்டை வித்துருங்க" என்றாள். செய்யது ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ பெரியவரைப் பார்த்து, "பாதி வீட்டுக்கு எம் மகளுக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்?" என்றார். ஏழு வயது மகள் அது. செய்யது எழுந்தார். "மாடி மகளுக்கு இருக்கட்டும். அந்தக் காகிதத்துல எம் பேரை அடிச்சிருங்க" என்று செருப்பைத் தேடினார்.

நான் பேனாவை எடுத்தேன். பாத்திமாவின் குரல் தடுத்தது: "பேரை அடிக்காதிய. வாப்பா குடுத்த மாடின்னு அவளுக்குத் தெரியணும்."

மூன்று நாள் அளந்து நான் போட்ட மதிப்பு செல்லாமல் போய், அதற்காக நான் சந்தோஷப்பட்டது என் உத்தியோகத்தில் அந்த ஒரு வீட்டில்தான்.