கூப்பிடுவார் இல்லாத பேரம்

ஊரில் பாதிப் பேர் பேரம் பேசிப் பிழைக்கிறார்கள்; நான் பேரம் பேசும் சாப்ட்வேரைக் காவல் காத்துப் பிழைக்கிறேன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. லைனில் வரும் பாகத்தைக் கேமரா படம் பிடிக்கும். படத்தில் கீறல் தேட, வெளியே இருக்கும் கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். வாடகையை எங்கள் சாப்ட்வேரும் வாடகைக்கு விடும் கம்பெனியின் சாப்ட்வேரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து பதறுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் அவஸ்தை புரியும். அதிலும் நான் கான்ட்ராக்ட். லைன் ஒரு தடவை நின்றாலும் பர்மனென்ட்டை மறந்துவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பூஜை நாள் மலிவு

ஆயுத பூஜைக்கு என் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தாயிற்று. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாதே, ஓடியபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சுற்றிலும் கம்பெனிகள் மூடியிருக்க, வாடகை நேரம் சல்லிசாகக் கிடைக்கிறதென்று எங்கள் சாப்ட்வேர் நாள் முழுக்க வாங்கிக் குவித்திருக்கிறது. லைன் சூப்பர்வைசர் முருகேசன் அண்ணன் மறுநாள் சொன்னார்: "ஆளே இல்லாத கம்பெனிக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ? பொரியா வாங்கியிருந்தா துன்னாவது இருக்கலாம்."

அம்மாவின் வித்தை

வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் பூ விலை படியாவிட்டால் அம்மா "வேணாம்" என்று நடையைக் கட்டுவார். பூக்காரம்மா கூப்பிட்டுக் கொடுப்பார். அதையே சாப்ட்வேருக்குச் சொல்லிவைத்தேன்: படியாவிட்டால் எழுந்து போ, அவர்கள் கூப்பிடும்வரை திரும்பாதே.

கொஞ்ச நாள் நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு காலை ஷிப்ட்டில் சாப்ட்வேர் பேரத்தை விட்டு எழுந்து போனது. யாரும் கூப்பிடவில்லை. வாடகை நேரம் தீர்ந்து லைன் நின்றது. முருகேசன் அண்ணன் ஓடி வந்தார்: "லைனே நின்னுகினு கீது, உன் ஆளு இன்னா கோச்சிகினு பூட்டானா?"

அந்தப் பக்கத்துக் காவல்காரர்

வாடகைக் கம்பெனிக்கு போன் போட்டேன். என்னைப் போலவே அங்கே காவல் இருப்பவர், முதல் மணியிலேயே எடுத்தார். மதுரைப் பக்கத்துப் பேச்சு. இரண்டு வார்த்தையில் விலை முடித்தோம், லைன் ஓடியது. நீங்களாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று ஆற்றாமையில் கேட்டேன். "எங்களதும் வேணாம்னு எந்திரிச்சுப் போயிருச்சு மேடம். நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் நானும் உக்காந்திருக்கேன்."

மேனேஜர் அறை

வேலை போயிற்று என்றே உள்ளே போனேன். மேனேஜர் திட்டவில்லை, நாற்காலியைக் காட்டினார். "போன்ல பேசி முடிச்சீங்க இல்ல, அத அப்படியே சாப்ட்வேருக்குக் கத்துக் குடுங்க. அப்புறம் நீங்க வேணுமான்னு பாத்துட்டு, பர்மனென்ட் பத்திப் பேசலாம்."

பாதி கற்றுக்கொடுத்துவிட்டேன், மீதி, பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான். இந்தப் பேரத்தில் முதலில் எழுந்து போகிற ஆள் நானில்லை.