பதில் வராத வரி

எண்பதுகளின் பின்பாதி. திருச்சி அரியமங்கலம் தொழிற்பேட்டைக்குள், லேத் பட்டறைகளுக்கும் வெல்டிங் ஷெட்டுகளுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நான் அங்கேதான் வேலை பார்த்தேன். ஆலைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் பீரோ உயரத்தில் கம்ப்யூட்டர் செய்து விற்கும் கம்பெனி. தலைமை அலுவலகம் பம்பாயில். கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகிக் காட்டூரில் குடியிருந்த எனக்கு பஸ் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய வேலை. எங்கள் மாதா கோயிலில் எல்லோரும் நான் டைப் அடிக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை. சொன்னால், பிறகு என்னதான் செய்கிறாய் என்று கேட்பார்களே!

இப்போது சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு புரோகிராம் வேண்டும். அதன் உள் மையத்துக்குக் கெர்னல் என்று பெயர். வெளியே எழுதும் புரோகிராமில் தப்பு வந்தால் அந்தப் புரோகிராம் மட்டும் நிற்கும். கெர்னலில் ஒரு வரி தப்பினால் மொத்த மெஷினும் படுத்துவிடும். எங்கள் கம்பெனி ஒரு வெளிநாட்டு கம்பெனியிடமிருந்து அந்த சிஸ்டத்தை முழுசாக டேப்பில் விலைக்கு வாங்கியிருந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களை கேபிள் போட்டு இணைத்து, ஒன்றோடொன்று தகவல் பரிமாற வைப்பதற்கான புரோகிராமை அந்தக் கெர்னலுக்குள் எழுதிச் சேர்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

பிரிவில் நாங்கள் மூன்றே பேர். எங்கள் தலைவர் துறையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். தங்கமான மனிதர், ஆனால் பம்பாயிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். இன்னொருவர் ஸ்ரீரங்கத்துக்காரர், என் வயதுதான், கோயில் கைங்கரியக் குடும்பம். மூன்றாவது நான், முன்கோபக்காரி.

ஒருவர் எழுதின புரோகிராமை மற்றவர்கள் சரிபார்ப்பது எல்லா இடத்திலும் உண்டு. எங்களிடம் அதற்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. ஆரம்பத்தில் பிரிண்ட் எடுத்த தாளை மனசுக்குள் படித்துத்தான் பார்த்தோம். பழகின வரிகளைக் கண் தாண்டிக்கொண்டு போய்விடும், தப்பு தப்பித்துவிடும். சத்தமாகப் படிக்கலாம் என்று சொன்னவர் ஸ்ரீரங்கத்து நண்பர். அவர் தன் அப்பாவோடு கோயில் கோஷ்டியில் நின்று ஆழ்வார்களின் பிரபந்தம் சேவிப்பவர், அதாவது ஓதுபவர். இரண்டு வரிசையாக நின்று, இந்த வரிசை ஓர் அடி, அந்த வரிசை ஓர் அடி என்று சொல்வார்களாம். "கோஷ்டில ஒருத்தர் அடியை விட்டுட்டார்னா எதிர் வரிசைக்கு மேல சொல்ல வராது. அங்கேயே தெரிஞ்சுடும்" என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபமாலை உண்டு. முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். ஒருவர் அரைத்தூக்கத்தில் எதையாவது முழுங்கினால் அடுத்தவர் முழிப்பார்.

ஆக, எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்ற இருவர் வரி மாற்றி வரி சத்தமாகப் படிப்பது எங்கள் வழக்கமாயிற்று. அதில் ஒரு கண்டிப்பான சட்டமும் உண்டு. கெர்னலுக்குள் நுட்பமான ஒரு வேலை நடக்கும்போது வேறு எதுவும் குறுக்கே வராமல் தடுத்து வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தடையை எடுத்துவிட வேண்டும். ரயில்வே கேட் மூடித் திறப்பது போலத்தான். கேட்டை மூடும் வரியை ஒருவர் படித்தால் திறக்கும் வரியை மற்றவர்தான் படிக்க வேண்டும். மூடின கேட் ஒவ்வொன்றுக்கும் எதிரிலிருந்து பதில் வர வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காகப் பார்த்தும் எங்கள் மெஷின் மானத்தை வாங்கியது. காலையில் ஜோராக ஓடும். மத்தியானம், மெஷினோடு இணைத்த திரையும் கீபோர்டுமான டெர்மினல்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால், திடீரென்று கல்லாகிவிடும். கீபோர்டைத் தட்டினாலும் அசையாது, திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது. அணைத்துத்தான் மறுபடி போட வேண்டும். நாங்கள் எழுதிய பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோம். தொண்டை கட்டியதுதான் மிச்சம், தப்பு கிடைக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, பம்பாயிலிருந்து டைரக்டர் வரப்போவதாகத் தகவல் வந்தது. நெட்வொர்க் சரியாக ஓடினால் பிரிவு திருச்சியில் இருக்கும், இல்லையென்றால் பம்பாய்க்குப் போய்விடும். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மாத்தினா எல்லாரையும்தாம்மா மாத்துவாங்க. உன் நிலைமை எனக்குத் தெரியும். ஆனா என் கையில ஒண்ணும் இல்ல."

என் நிலைமை என்ன? கணவர் டவுனில் பள்ளிக்கூட ஆசிரியர். பெண் கைக்குழந்தை. பம்பாய் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெஷின் நின்றால் என் வேலையும் நின்றது. சம்பளத்தைவிட எனக்கு வேலைதான் பெரிதாக இருந்தது. காலையில் பஸ்ஸில் ஏறும்போதே அன்றைக்கு எந்த வரியை எப்படி எழுதுவது என்று மனசு ஓடத் தொடங்கிவிடும். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. இரண்டொரு முறை அழுதும் இருக்கிறேன்.

அழுது முடித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நாங்கள் படித்ததெல்லாம் நாங்கள் எழுதியதை மட்டும்தான். டேப்பில் வந்த வெளிநாட்டுப் பகுதியை ஒரு நாளும் சத்தமாகப் படித்ததில்லை. தேவைப்பட்ட இடத்தில் பார்த்துக்கொள்வோம், மற்றபடி கும்பிட்டு வைத்திருந்தோம். தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "உலகம் பூரா ஓடுறதும்மா அது. அதுல போயி நாம குத்தம் கண்டுபிடிக்கிறதா? நேரத்தை வீணாக்காம நம்மளோடதைப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆபீஸ் நேரத்தில்தானே கூடாது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பிரிண்ட் எடுத்த தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கணவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நண்பரின் வீடு உத்தர வீதியில். போனதும் அவருடைய மனைவி காபி கொடுத்தார். என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீதியை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். நாங்கள் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படிக்கத் தொடங்கினோம். இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக ராகம் போட்டுப் படிப்பதைக் கேட்டு அவருடைய அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தார். "என்னடா சேவிக்கறேள்? ஒரு அட்சரமும் புரியலையே!" என்றார். "எங்களுக்கும் புரியலைம்மா. அதுக்குத்தான் சேவிக்கறோம்" என்றார் நண்பர். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அடுத்து வந்தது, வரும் தகவல்களுக்கு இடம் ஒதுக்கும் பகுதி. ஹோட்டலில் சாப்பாடு எடுத்துப்போக டிரே வைத்திருப்பார்கள் அல்லவா, அதுபோல நெட்வொர்க்கில் போகும் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் கெர்னலுக்குள் ஒரு காலி டிரே வேண்டும். தகவல் போய்ச் சேர்ந்ததும் டிரே திரும்பி வரும். கேட்டை மூடும் வரியை நான் படித்தேன். டிரே எடுக்கும் வரியை அவர் படித்தார். டிரே இல்லையென்றால் அப்படியே திரும்பிப் போ என்ற வரியை நான் படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

எதிரிலிருந்து சத்தமே இல்லை.

"உங்க முறை சார்" என்றேன்.

"எனக்குத் திறக்கற வரி வரலையே" என்றார். விரலால் தாளைத் தடவிக்கொண்டே போனார். "திறக்கறது ரொம்பக் கீழேன்னா இருக்கு. நீங்க அதுக்கு முன்னாடியே வெளில போயிட்டேளே."

இரண்டு பேரும் அந்த இடத்தை மறுபடி படித்தோம். டிரே இருந்தால் எல்லாம் ஒழுங்கு. வேலை முடிந்து கேட் திறக்கும். டிரே தீர்ந்துபோனால், கேட்டை மூடின கையோடு ஆள் வெளியே போய்விடுகிறான். போனவன் என்ன செய்கிறான்? காலி டிரே வரட்டும் என்று காத்திருக்கிறான். டிரே வரவேண்டியதோ மூடின கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து! எந்தக் காலத்தில் வரும்? கூட்டம் அதிகமாகும் மத்தியான நேரத்தில் மட்டும் மெஷின் ஏன் கல்லாகிறது என்று அந்த ஒரே தாளில் விளங்கிவிட்டது. நான் கத்திய கத்தலில் நண்பரின் மனைவி அடுப்பை விட்டு ஓடி வந்தார். வீதியில் நின்ற என் கணவர், குழந்தைக்குத்தான் ஏதோ வாங்கி வரச் சொல்கிறேன் என்று நினைத்தாராம்.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் காரியமாக, மொத்த டிரேக்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்து வைத்து மெஷினை ஓடவிட்டோம். மத்தியானம்வரை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை, உட்கார்ந்த உடனே கல்லாகிவிட்டது. தொலைந்துபோன திறக்கும் வரியை, திரும்பிப் போகும் வரிக்கு முன்னால் சேர்த்தோம். அதே குறைந்த டிரேக்களுடன் சாயங்காலம்வரை ஓடியது. கொஞ்சம் தள்ளாடியது, நிற்கவில்லை. தலைவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டர் வந்தபோது கூடவே அந்த வெளிநாட்டு கம்பெனியின் பிரதிநிதியையும் அழைத்து வந்திருந்தார். அரியமங்கலத்து வெயிலிலும் கழுத்து டையைத் தளர்த்தாத மனிதர். பிரச்சினை அவருடைய புரோகிராமில் இருந்தது என்று சொல்ல வேண்டும் என்றதும் எங்கள் தலைவருக்கு வியர்த்துவிட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, அதான் சரி பண்ணியாச்சே. எங்க தப்புதான், திருத்திட்டோம்னு சொல்லிட்டுப் போயிடலாமே. எதுக்கு வம்பு?"

"சார், எங்க தப்புன்னு சொன்னா, இவங்களுக்கு வேலை தெரியலைன்னு பம்பாய்க்குத் தூக்கிடுவாங்க. செய்யாத தப்பை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "சரி, நீயே சொல்லு" என்று வழிவிட்டார்.

சொன்னேன். பிரதிநிதி புன்னகையோடு கேட்டுவிட்டு, எங்கள் புரோகிராமைச் சேர்த்ததால்தான் அவர்களுடையது கெட்டிருக்கும் என்று இங்கிலீஷில் டைரக்டரிடம் சொன்னார். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு பார்வையில் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. கோபம்தான் எனக்கு எப்போதும் தைரியம் கொடுக்கும். எங்கள் வரி ஒன்றுகூட இல்லாமல், அவர்கள் அனுப்பிய டேப்பை அப்படியே ஏற்றிக் காட்டலாமா என்று கேட்டேன். தாராளமாக, என்றார் அவர். டேப்போடு அவர்களே தந்திருந்த மாதிரி புரோகிராமை அவர் கையாலேயே ஓடவிடத் தயாரானார். டிரேக்களைக் குறைத்து வைக்க மட்டும் அனுமதி கேட்டேன். அதற்கும் தாராளமாக, என்றார்.

மெஷின் கல்லாகிவிட்டது. அவர் ஒரு கீயைத் தட்டினார். இன்னொரு கீயைத் தட்டினார். பிறகு டையைத் தளர்த்தினார்.

அடுத்து எங்கள் திருத்தத்தோடு ஓடவிட்டோம். டைரக்டர் தானே எழுந்து போய் எல்லா டெர்மினல்களிலும் ஆட்களை உட்கார வைத்து ஒரே நேரத்தில் வேலை கொடுக்கச் சொன்னார். மெஷின் மூச்சு வாங்கியது, நிற்கவேயில்லை. பக்கத்து வெல்டிங் ஷெட்டில் சாப்பாட்டு மணி அடித்தது, அதற்குப் பிறகும் ஓடியது. பிரதிநிதி என் கையிலிருந்த தாளை வாங்கி, நின்றபடியே அந்த இடத்தைப் படித்தார். நல்ல மனிதர்தான், படித்து முடித்ததும், தாங்கள்தான் தவறவிட்டிருக்கிறோம் என்று எல்லோர் எதிரிலும் ஒப்புக்கொண்டார். டைரக்டர் எங்கள் தலைவரிடம், இவர்களை ஏன் பம்பாய்க்குக் கொண்டுபோக வேண்டும், பம்பாய் ஆட்களை இங்கே அனுப்பிப் படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். தலைவர் எழுந்து நிற்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். நண்பர் என்னைப் பார்த்து, "நடந்தது நடந்துடுத்து, அழப்படாது" என்று கேலியாகக் கிசுகிசுத்தார். நான் எங்கே அழுதேன்? இளித்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து வெளிநாட்டு கம்பெனியிடமிருந்து புது டேப் வந்தது. அந்தத் திறக்கும் வரி, நாங்கள் வைத்த அதே இடத்தில் இருந்தது. எங்கள் பெயர் எங்கும் இல்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. எந்தெந்த நாட்டிலோ எத்தனையோ மெஷின்கள் அரியமங்கலத்து வரியோடு ஓடுகின்றன என்ற நினைப்பே எனக்குப் பல நாள் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. திருச்சியை விட்டுப் போகாமல் அதே வேலையில் வருடக்கணக்காக இருந்தேன். என் பெண் வளர்ந்து, அம்மா டைப் அடிக்கவில்லை என்று கோயிலில் எல்லோருக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

எவ்வளவு பெரிய இடத்து ஆள் எதிரில் நின்றாலும், விஷயத்தை முழுசாகப் படித்துப் பார்க்காமல் 'எங்கள் தப்பாகத்தான் இருக்கும்' என்று முந்திக்கொண்டு சொல்லும் பழக்கம் அன்றோடு என்னைவிட்டுப் போனது, இந்த வயதிலும் அது திரும்பி வரவில்லை.